பெயின்ட் டப்பாவைக் கீழே வையுங்கள்!

காயலான் கடையில் பழைய ராலே சைக்கிள் கிடைத்ததும் பலர் முதலில் ஓடுவது பெயின்ட் கடைக்குத்தான். அங்கேதான் தப்பு நடக்கிறது!

வயதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வருடம் குத்தியிருக்கும்; 56 என்றால் 1956. (ஹப்பையே யாராவது மாற்றியிருக்கலாம், அது வேறு கதை.) ஆனால் நாட்டிங்ஹாம் ஆலையில் அடித்த கறுப்பு எனாமலும் பொன்னிறக் கோடுகளும் ஒருமுறை சுரண்டினால் போனதுதான். பிறகு எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது நகல்.

செயின், டயர், பிரேக் கட்டையைத் தாராளமாக மாற்றலாம். ஓட்டத்தானே சைக்கிள்! மேலோட்டமான துருவுக்கு மண்ணெண்ணெய்த் துணி போதும். துரு தின்று ஃப்ரேமே ஓட்டையாகியிருந்தால் வேறு வழியில்லை, வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். அதற்கு முன் பழைய கோடுகளைப் போட்டோவாவது எடுத்து வைத்துவிடுங்கள்.