‘இந்த வாரமே தருவீங்களா?’ - மீட்கப்பட்ட ஸ்பானியலைத் தத்தெடுக்க ஏன் அவசரம் கூடாது?

ஒரு வயது காக்கர் ஸ்பானியல் மீட்கப்பட்டதாக இன்ஸ்டாகிராமில் போட்டோ வந்தால் போதும், “நாங்க எடுத்துக்கிறோம், இந்த வாரமே தருவீங்களா?” என்று கமென்ட் குவிந்துவிடும். தொங்கும் காது, கெஞ்சும் கண். யாருக்குத்தான் மனசு இளகாது? ஆனால் அந்த அவசரம்தான் பிரச்சினையே.

தத்துக்கு முன் தற்காலிகமாக வளர்க்கும் ஃபாஸ்டர் வீட்டுக்கு வந்ததும், பல நாய்கள் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். குரைக்காது, சரியாகச் சாப்பிடாது. பார்ப்பவர்கள் ‘ரொம்ப சமத்து’ என்பார்கள். உண்மையில் அது பயம். 3 நாள் மிரட்சி, 3 வாரம் பழக்கம், 3 மாதம் நம்பிக்கை என்று மீட்பு ஆர்வலர்கள் தோராயமாக ஒரு கணக்கு சொல்வதுண்டு. பயம் தெளிந்த பிறகுதான் அசல் குணம் தெரியும்: தனியாக விட்டால் ஊளையிடுகிறதா, சாப்பாட்டுத் தட்டை நெருங்கினால் உறுமுகிறதா, குழந்தைகளோடு ஒத்துப்போகிறதா? இந்த இனத்துக்குக் காதில் தொற்று சகஜம். அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். தவிர, இது புதருக்குள் புகுந்து பறவைகளைக் கிளப்பிவிட வளர்க்கப்பட்ட வேட்டை நாய். ஃபிளாட்டில் 10 மணி நேரம் பூட்டிவைத்தால் சோபா மிஞ்சாது.

இதெல்லாம் தெரியாமல் கொடுத்தால் நாய் திரும்பி வரும், இல்லையென்றால் தெருவுக்குப் போகும். பசி, தாகத்தில் தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் முறை சிக்கினால் அபராதம்? அதிகபட்சம் 50 ரூபாய்! இந்தச் சட்டத்தை நம்பி நாயை அனுப்ப முடியாது.

எனவே ஃபாஸ்டர் வீட்டுக்காரர் “இன்னும் ஒரு மாசம் ஆகும்” என்றால் காத்திருங்கள். அதுவரை வாரம் ஒருமுறை போய் வாக்கிங் கூட்டிப் போகலாம். உங்கள் வீட்டுப் பழைய துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தால், வாசனையாவது பழகும்.