ஓசையின்றி ஓடும் கட்டளைகள்

கணினித் திரையின் ஓரத்தில் கடிகாரம், வானிலை, நினைவகப் பயன்பாடு முதலியவற்றைக் காட்டும் அலங்காரச் செயலிகளுள் இன்றும் பலரால் விரும்பப்படுவது, விண்டோஸில் இயங்கும் ரெயின்மீற்றர். இலவசமானது, திறந்த மூலநிரல் கொண்டது. அலங்காரத்துக்கு அப்பாலும் அதற்கு ஓர் ஆற்றல் உண்டு. 'ரன்கொமாண்ட்' என்னும் துணைநிரலின் மூலம், திரையில் தெரியும் கடிகாரத்தின் பின்னாலிருந்து வேறொரு நிரலை ஓசையின்றி இயக்கலாம்.

இந்த மௌனத்துக்கு நியாயமான தேவை இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வன்தட்டில் எஞ்சியுள்ள இடத்தைக் கணக்கிடும் கட்டளைத்தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் கறுப்புச் சாளரம் தோன்றி மறைந்தால், கட்டுரை தட்டச்சுச் செய்பவரின் கவனம் சிதறாதா? ஆகவேதான், வேறுவிதமாகப் பணித்தாலன்றி, அத்துணைநிரல் சாளரத்தை மறைத்தே வைக்கிறது.

அந்தக் கட்டளையை எழுதியவர் யார் என்பதே எனது கேள்வி. நாமே எழுதிய கட்டளை மறைந்து ஓடுவது வசதி. முகமறியாத ஒருவர் எழுதி, அழகிய தோற்றமொன்றுடன் பொதிசெய்து தந்த கட்டளை மறைந்து ஓடுவது வேறு விடயம். கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்குள்ள உரிமைகளுடனேயே அது இயங்கும். அவர் அழிக்கக்கூடிய கோப்புகளை அதுவும் அழிக்கும்.

இது வீண் அச்சமன்று. விண்டோஸ் விஸ்டாவுடன் 2007இல் பரவலாக அறிமுகமான 'கேட்ஜட்' எனும் சிறுசெயலிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்கலாம். நம்பகமற்ற இடங்களிலிருந்து பெறப்படும் கேட்ஜட்கள் கணினிக்குத் தீங்கு விளைவிக்கலாம் என 2012 யூலையில் மைக்ரோசொஃப்ட் நிறுவனமே எச்சரித்து, அவ்வசதியை முற்றாக முடக்கும் கருவியொன்றையும் வெளியிட்டது. அதே ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 8இல் அவ்வசதி இடம்பெறவில்லை.

அவ்வாறு முற்றாக முடக்குவதை நான் வேண்டவில்லை. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சிட்டவர், வெளியிட்டவர் விபரம் சிறிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலானோர் அதை வாசிப்பதில்லை. ஆயினும், பிரச்சினை எழும் நாளில் பொறுப்பாளி யாரென்று காட்டுவது அந்த வரியே.

ரெயின்மீற்றர் தோற்றங்களிலும் அத்தகைய இடம் உள்ளது. ஆக்கியோன் பெயரையும் விளக்கத்தையும் எழுதுவதற்கு 'மெற்றாடேற்றா' என்ற பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. பின்னணியில் எந்தக் கட்டளை ஓடும், எந்தக் கோப்புகளைத் தொடும் என்பதை ஆக்குவோர் அங்கே இரண்டு வரியில் எழுதினால் போதும்.

பயனருக்கும் ஒரு கடமையுண்டு. இத்தோற்றங்களின் பொதி உண்மையில் 'சிப்' வகைக் கோப்பே. நிறுவுமுன் பிரித்துப் பார்க்கலாம். உள்ளே இருப்பவை பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகள். 'ரன்கொமாண்ட்' என்ற சொல்லைத் தேடி, அது எந்த நிரலை அழைக்கிறது என வாசியுங்கள். விளங்காத கட்டளையோ, வாசிக்கவியலாத துணைநிரற் கோப்போ விளக்கமின்றிச் சேர்ந்து வந்திருந்தால், அத்தோற்றம் எவ்வளவு அழகாயினும் நிறுவாது விடுவதே நன்று.