பராமரிப்பவரின் களைப்பும் நம் கண்ணிற் படட்டும்

பாரிசவாதம் தாக்குவது ஒருவரை. தளர்ந்துபோவதோ முழுக் குடும்பமும். நலம் விசாரிக்க வரும் உறவினர் நோயாளியின் நிலையைக் கேட்டுச் செல்கின்றனர். இரவில் மும்முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் மனைவி உறங்கினாளா என்று கேட்பார் எவருமில்லை.

மூளையிற் பட்ட காயம் கைகால்களை மட்டும் முடக்குவதில்லை. காரணமின்றி அழுகையோ சினமோ பொங்கலாம். பொறுமையே உருவாயிருந்த கணவர் உணவுத் தட்டைத் தட்டிவிடும்போது, அது நோயின் செயலென அறிவு உணர்ந்தாலும் மனம் புண்படுகின்றது. பேச்சும் பாதிக்கப்படலாம், அரும்பாடுபட்டுக் கற்ற டொச் மொழியும் தாய்மொழியும் ஒரே அளவில் மீளாமற் போகலாம். அப்போது பாடசாலைப் பிள்ளையே வைத்தியருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகின்றது. தந்தையின் நிலையைத் தன் வாயாலேயே தாய்க்குச் சொல்லும் பாரம் அப்பிஞ்சு மனதுக்கு ஆகாது.

ஊரிலெனில் அயலும் சுற்றமும் முறைவைத்து உதவியிருக்கும். இங்கு மாடிவீட்டின் நான்கு சுவர்களுக்குள் ஒரு பெண் தனித்து நிற்கின்றாள். "களைத்துவிட்டேன்" என்று சொல்வதையே பாவமாக எண்ணுகின்றாள். வெளியாரின் உதவியை நாடினால் நாலுபேர் பழிப்பர் என அஞ்சுகின்றாள். களைப்பு அன்பின் குறைவன்று. அப்பழிச்சொல்லுக்கு அஞ்சவைத்த நாமே அதனை நீக்கவும் வேண்டும்.

பராமரிப்புக் காப்புறுதிச் சட்டம் 1994 இல் இதே பான் நகரிற் கூடிய பாராளுமன்றத்திலேயே நிறைவேறியது. வீட்டுப் பராமரிப்புக்கான உதவிகள் 1995 ஏப்ரலில் ஆரம்பமாயின. 2017 முதல் பராமரிப்புத் தேவை ஐந்து படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. வீட்டிலேயே உறவினர் பராமரித்தால், இரண்டாம் படியிலிருந்து ஐந்தாம் படிவரை, 2025 ஆம் ஆண்டின் கணக்குப்படி மாதம் 347 முதல் 990 யூரோ வரை வழங்கப்படுகின்றது. பராமரிப்பவர் ஓய்வுபெற ஆண்டுக்கு எட்டு வாரங்கள் வரை மாற்று ஏற்பாட்டுக்கும் உதவியுண்டு. உறவினருக்கான பயிற்சியும் இலவசம். விண்ணப்பத்துக்கு முந்திய பத்தாண்டுகளில் ஈராண்டுகளேனும் காப்புறுதியில் இருந்திருத்தல் வேண்டும். அத்தகுதி இல்லாதோர் சமூகநல அலுவலகத்தை அணுகலாம்.

எனினும் பணம் மட்டும் மனப்பாரத்தை இறக்காது. ஆண்மக்களும் இரவு விழிப்பிற் பங்கேற்கட்டும். மொழியறிந்த பெரியவர் ஒருவர் பிள்ளைக்குப் பதிலாக வைத்தியரிடம் உடன்செல்லட்டும். அயலவர் ஞாயிறுதோறும் இரண்டு மணிநேரம் நோயாளியின் அருகில் இருந்தால், அப்பெண் கண்ணயர்வாள். நலம் விசாரிக்கச் செல்வோர் இனி இருவரின் நலத்தையும் விசாரிப்போமாக.