'பாஸ்'ஸுக்கு டாட்டா சொல்றதுக்கு முன்னாடி...

எங்க வீட்டு லேப்டாப்புக்கு வயசு ஜாஸ்தி, வேகம் மாட்டுவண்டி. 2011 செப்டம்பர் 15-ல் ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப் திட்டத்துல, ப்ளஸ் டூ படிச்சப்ப அக்கா வாங்கினது. ஆன் பண்ணினா வாசல்ல ரெண்டு பேர் நிப்பாங்க. ஒருத்தர் விண்டோஸ் 7. இன்னொருத்தர் 'பாஸ்'... சி-டாக் சென்னையில் உருவாக்கின, டெபியன் குடும்பத்து லினக்ஸ். வீரசோழன்ல எனக்குத் தெரிஞ்ச வீடுகள்ல பாஸை யாரும் சீண்டினதே இல்லை.

போன லீவுல அப்பா கூப்பிட்டார். ''தம்பி, டேலி திறக்க மாட்டேங்குது. இடம் இல்லைங்குது. நாளைக்கு 20-ம் தேதி, ஜி.எஸ்.டி கட்டணும்யா.'' மல்லி, மிளகாய் கமிஷன் கடைக் கணக்கு மொத்தமும் அதுலதான்.

இன்ஜினீயரிங் புள்ளையாச்சே! டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். எழுத்தே இல்லாம ஒரு பார்ட்டிஷன், 60 ஜி.பி-க்குப் படுத்துக் கிடந்துச்சு. லினக்ஸ் பார்ட்டிஷன் விண்டோஸுக்குப் புரியாது, அதான் பேர் இல்லை. டெலிட். ரீஸ்டார்ட். கறுப்பு ஸ்கிரீன்ல 'க்ரப் ரெஸ்க்யூ'னு ஒத்தை வரி! அப்பா என் மூஞ்சியைப் பார்க்க, நான் ஃபேனைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். ரெண்டு பேர்ல யாரை உள்ளே விடுறதுனு கேட்கிற வாட்ச்மேன் பேரு க்ரப். அவரோட தலை ஹார்ட் டிஸ்க்கோட முதல் 512 பைட்ல இருக்கும். உடம்பு லினக்ஸ் பார்ட்டிஷன்ல இருக்கும். நான் உடம்பை எரிச்சுட்டேன். விண்டோஸும் கணக்கும் அப்படியேதான் இருக்கு, கதவைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

பஸ் பிடிச்சு அருப்புக்கோட்டை போய், ஃப்ரெண்ட்கிட்ட விண்டோஸ் 7 டிவிடி வாங்கிட்டு வந்தேன். அதுல பூட் பண்ணி, 'ரிப்பேர்' போய், கமாண்ட் ப்ராம்ப்ட்ல 'பூட்ரெக்', ஒரு இடைவெளி, சாய்கோடு, 'ஃபிக்ஸ்எம்பிஆர்'. அவ்வளவுதான், விண்டோஸ் வந்துடுச்சு. இதை முதல்ல செஞ்சுட்டு அப்புறம் டெலிட் பண்ணியிருந்தா பஸ் காசு மிச்சம்.

பெருமையா அக்காவுக்கு போன் போட்டேன். ''பாஸைத் தூக்கிட்டியா? டேய்... அதுலதாண்டா அப்பத்தா போட்டோ இருக்கு!''

அப்பத்தா இறந்தது 2016-ல். வீட்ல அவங்களுக்கு இருக்கிறது வோட்டர் ஐ.டி படம் மட்டும்தான். எனக்கு வேர்த்துடுச்சு.

நல்லவேளை, காலியான இடத்துல நான் எதையும் ஃபார்மட் பண்ணலை. டெலிட் பண்ணினா அழியறது பார்ட்டிஷன் டேபிள்ல இருக்கிற முகவரி மட்டும்தான். மேல எதையும் எழுதாத வரைக்கும் வீடு அப்படியே நிக்கும். 'டெஸ்ட்டிஸ்க்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதைப் பென் டிரைவ்ல வெச்சு ஓட்டினேன். தொலைஞ்ச பார்ட்டிஷனைத் தேடிக் காட்டுச்சு. 'பி' அழுத்தினா ஃபைல் லிஸ்ட், 'சி' அழுத்தினா காப்பி. 'ஹோம்' ஃபோல்டர்ல பதினோரு படம்!

அதுக்கப்புறம்தான் இடத்தை மீட்கிற வேலை. 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' பண்ணணும்னா, காலி இடம் சி டிரைவுக்கு வலதுபக்கம் ஒட்டி இருக்கணும். எங்களுக்கு நடுவுல டி டிரைவ் நந்தி மாதிரி. அதனால காலி இடத்தைப் புது டிரைவாக்கி, சி-யில் இருந்த பாட்டு, படத்தை எல்லாம் அங்கே தள்ளினேன். டேலி திறந்துச்சு.

புது லேப்டாப்காரர்கள் கவனிக்க: உங்க க்ரப், இ.எஃப்.ஐ-ங்கிற குட்டிப் பார்ட்டிஷன்ல இருக்கும். அதை டெலிட் பண்ணிடாதீங்க, விண்டோஸும் அதுலதான் கிளம்புது. பயாஸ்ல 'விண்டோஸ் பூட் மேனேஜரை' முதல் இடத்துக்குக் கொண்டுவந்துட்டு அப்புறம் லினக்ஸைத் தூக்குங்க. பிட்லாக்கர் இருந்தா ரெக்கவரி கீயை முன்னாடியே எழுதி வெச்சுக்குங்க.

நியாயமா பார்த்தா தூக்கவேண்டியது விண்டோஸ் 7-ஐத்தான். 2020 ஜனவரியோட அதுக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் நிறுத்தியாச்சு. அப்பாகிட்ட சொன்னேன். ''டேலி ஓடுமா?''ன்னார். கப்சிப்.

அந்தப் பதினோரு படத்துலயும் அப்பத்தா கேமராவைப் பார்க்கலை. ஸ்கிரீன்ல தெரியற தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்க.