அச்சுக் கண்ணாடியும் அவசரத் தீர்ப்பும்

கண்ணாடியை முப்பரிமாண அச்சுப்பொறியில் ஆக்கலாம் என்ற செய்தி பரவிய நாள் முதலாக, வில்லை தேய்க்கும் கலையின் காலம் முடிந்துவிட்டதெனத் தீர்ப்புக் கூறுவோர் பெருகிவிட்டனர். பொத்தானை அமுக்கினால் மறுபுறம் வில்லை வந்து விழும் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது, அதனினும் கேடாக, இத்தொழினுட்பத்தின் மெய்யான சிறப்பையும் அது மறைத்துவிடுகின்றது.

2017 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கால்ஸ்ரூ தொழினுட்ப நிறுவக ஆய்வாளர் செய்ததென்ன? நுண்ணிய சிலிக்காத் துணிக்கைகளை, ஒளிபட்டு இறுகும் பிசினிற் கலந்து, படைபடையாக இறுகச்செய்து உருவம் அமைத்தனர். பொறியின் பணி அவ்வளவே. அதிலிருந்து வெளிவந்தது கண்ணாடியன்று. சிலிக்கா செறிந்த பிளாத்திக்கு. பின்னர் 600 பாகை செல்சியஸ் வரை மெல்லச் சூடாக்கிப் பிசினை அகற்றி, 1300 பாகையிற் சுட்டதன் மேலேயே ஊடுகாட்டும் கண்ணாடி கிடைத்தது. விரைந்து சூடாக்கின், உள்ளிருந்து வெளியேறும் வாயு உருவத்தைப் பிளந்துவிடும். கலவையிற் சிலிக்கா கனவளவில் 40 வீதமெனின், துளைகள் யாவும் மூடியதும் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 26 வீதம் சுருங்கியாக வேண்டும். எளிய கணக்கே இது. களிமண் சூளையிற் சுருங்கும் அளவை முன்னறிந்து வனையும் குயவனுக்கு இதில் வியப்பதற்கு யாதுமில்லை. உழைத்தது சூளை, புகழ் சேர்ந்ததோ அச்சுப்பொறிக்கு!

இனிப் பரப்பை நோக்குவோம். பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 550 நனோமீற்றர். நல்ல வில்லையின் பரப்பு வழு இதன் காற்பங்கிற்குள் அடங்க வேண்டுமென்பது ஒளியியலார் நெடுங்காலமாகக் கொள்ளும் அளவு. அச்சுப்படை 50 மைக்குரோமீற்றர் தடிப்புடையதாயின், சூளையிற் சுருங்கிய பின்னும் அது அலைநீளத்தின் 60 மடங்குக்கு மேல் நிற்கும். அத்தகைய படிக்கட்டின்மீது விழும் ஒளி சிதறுமேயன்றிச் செவ்வனே குவியாது. தேய்ப்புக் கலையின் நிலை வேறு. இரு பரப்புகளை இடையே பொடியிட்டு எல்லாத் திசைகளிலும் உராயவிடின், எங்கும் ஒன்றோடொன்று பொருந்தக்கூடிய கோளப் பரப்பே ஈற்றில் எஞ்சும். 17 ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் ஸ்பினோசா வில்லை தேய்த்துச் சீவித்தபோது அவர் கைக்குத் துணைநின்றதும் இவ்வியல்பே. உராய்வு தானாகவே தரும் கோளத்தைப் படியடுக்கிப் பெற முனைவது வீண்வேலை. அன்றியும், சூளையும் பரப்பின் வழுவை அளக்கும் தலையீட்டுமானியும் இல்லாத ஆய்வுகூடம் இப்பொறியை மட்டும் வாங்கி வைப்பதாற் பெறப்போவது யாது? பொறி வாங்குவதையே அறிவியல் வளர்ச்சியெனக் கொள்ளும் மனப்பாங்கு எம்மிடையே உண்டாதலின் இதனைக் கேட்க நேர்கின்றது.

அவ்வாறாயின் இத்தொழினுட்பம் பயனற்றதோ எனின், அன்று. தேய்ப்பவன் கை எட்டாத இடம் ஒன்றுண்டு. அது கண்ணாடியின் உள்ளிடம். அமெரிக்காவின் லோரன்ஸ் லிவமோர் தேசிய ஆய்வுகூடத்தார் 2020 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. சிலிக்காவும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் கொண்ட மைகளின் விகிதத்தை அச்சிடும்போதே மாற்றி, முறிவுச்சுட்டி இடத்துக்கிடம் படிப்படியாக வேறுபடும் கண்ணாடியை அவர்கள் அமைத்தனர். முகங்கள் தட்டையாயிருந்தும் அது வில்லையென ஒளியைக் குவித்தது. வளைவு செய்யும் வேலையைப் பொருளின் சேர்க்கையே செய்தது. தேய்கல்லால் இதனை ஒருபோதும் செய்யவியலாது. ஆயினும் அத்தட்டை முகங்களுக்கு மெருகிட்டது எது? காலம் முடிந்ததாகக் கூறப்பட்ட அதே தேய்ப்புக் கலை.

2023 இல் துணிக்கையற்ற பிசினைக் கொண்டு, 650 பாகையிலேயே சிலிக்காக் கண்ணாடி ஆக்கப்பட்டதைச் சிலர் எமக்கு மறுப்பாகக் காட்டுவர். தாழ்ந்தது வெப்பநிலை மட்டுமே. சூடாக்கலும் சுருக்கமும் ஒழியவில்லை. மேலும், அம்முறையின் பெறுமதி விளங்குவது தேய்கருவி தொடவே முடியாத நுண்வில்லைகளில். கண்ணாலே காணவியலாத அவ்வளவிலான வில்லையை எந்தத் தேய்ப்பவனும் செய்ததில்லை. ஆகவே அவனிடமிருந்து பறிபோனதும் எதுவுமில்லை.