காலம் கடந்த மாத்திரை

2023-ம் வருஷம் மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார மகாசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஜனங்கள் அன்றாடம் உண்ணும் பண்டங்களில் போலிக் அமிலம் முதலிய சத்துக்களைக் கலந்து, ஸ்பைனா பைபிடா போன்ற பிறவிக் குறைகளைத் தடுக்க எல்லாத் தேசங்களும் விரைந்து முயல வேண்டுமென்பது அதன் சாரம். இந்தியாவும் அச்சபையின் அங்கத்தினரே. தீர்மானங்களை நிறைவேற்றுவது சுலபம்; நிறைவேறிய தீர்மானத்தைக் குடியானவன் வீட்டு அடுப்பங்கரை வரையில் கொண்டு சேர்ப்பதே கஷ்டம். இந்த விஷயத்தில் நமது தேசம் செய்ய வேண்டியது இன்னும் பெரிதும் பாக்கியிருக்கிறது என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

வியாதி இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறோம். தாய் வயிற்றில் கரு உண்டான ஆரம்பத்தில், மூளையும் தண்டுவடமும் தட்டையான ஒரு தகடு போலத்தான் தோன்றுகின்றன. அத்தகட்டின் இரு ஓரங்களும் எழும்பி, மடிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு குழாயாக மூடிக்கொள்ள வேண்டும். கரு உண்டான 28 நாட்களுக்குள் இந்தக் காரியம் முடிந்துவிடுகிறது. குழாயின் மேற்பாகம் மூடாவிட்டால் மூளை வளர்வதில்லை. அந்தச் சிசு பிழைப்பதுமில்லை. கீழ்ப்பாகம் மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்தபடியே குழந்தை பிறக்கிறது. இதற்குத்தான் ஸ்பைனா பைபிடா என்று பெயர். இதன் கடுமையான வகையில் தண்டுவடமே வெளியில் பிதுங்கி நிற்கும், கால்கள் வலுவிழக்கும், மலஜலத்தை அடக்கும் சக்தி போகும், பலருக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2013-ல் வெளியான ஒரு கணக்கின்படி, ஆயிரம் பிரசவங்களில் நான்குக்கு மேற்பட்டவற்றில் இவ்வகைக் குறைகள் காணப்பட்டன. இதை அற்பமான தொகை என்று யார் சொல்லக் கூடும்?

இனி நேயர்கள் ஒரு கேள்வியை யோசிக்க வேண்டும். ஒரு ஸ்திரீ தான் கர்ப்பவதி என்பதை எப்பொழுது அறிகிறாள்? நாள் தள்ளிப்போய், சந்தேகித்து, மாமியாரிடமோ தாயாரிடமோ சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்குள் அந்த 28 நாட்களும் போயே போய்விடுகின்றன. ஆஸ்பத்திரியில் மாத்திரை தருகிறார்கள். ரத்தம் விருத்தியாவதற்கு அது நல்லதுதான். ஆனால் முதுகெலும்பைப் பொறுத்தமட்டில் அது வெள்ளம் வடிந்த பிறகு போட்ட அணையாகும். சர்க்காருக்கு இது தெரியாததல்ல. 2018-ல் வகுக்கப்பட்ட ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்திலேயே, கருத்தரிப்பதற்கு முன்பிருந்து முதல் மூன்று மாதம் முடியும் வரையில் தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உட்கொள்ள வேண்டுமென்று எழுதியிருக்கிறது. விதி நல்ல விதியே. கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் போய் யோசனை கேட்கும் ஸ்திரீகள் நமது கிராமங்களில் எத்தனை பேர்? ஏட்டில் உள்ள சர்க்கரை நாவில் இனிக்காது.

இந்தச் சத்தின் சரித்திரத்தில் நமது நாட்டுக்குள்ள பங்கை அறிந்தால் மனம் இன்னும் அதிகமாக வருந்தும். 1928-ல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்த லூஸி வில்ஸ் என்ற அம்மையார், அங்கே ஆலைத் தொழில் செய்த கர்ப்பவதிகளைப் பீடித்த கொடிய ரத்தசோகையை ஆராய்ந்தார். 1929-ல் சில மாதங்கள் நமது குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய வேலை நடந்தது. ஈஸ்ட் சாரத்திலுள்ள ஏதோ ஒரு வஸ்து அந்தச் சோகையைக் குணப்படுத்துகிறதென்று 1931-ல் அவர் வெளியிட்டார். அந்த வஸ்துவே போலிக் அமிலமென்று பிற்காலத்தில் புலப்பட்டது. ஏழை இந்திய ஸ்திரீகளின் நோயிலிருந்து உலகத்துக்குக் கிடைத்த ஞானம் இது.

பிறகு அந்த வஸ்துவை ரசாயன சாலையில் செய்து காட்டியவர் யார்? பீமவரத்தில் பிறந்து, சென்னையில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். சென்னை வைத்தியக் கல்லூரியில் கதர் உடுத்திய குற்றத்திற்காக அறுவை வைத்திய ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டத்தோடு வெளியேறியவர் அவர். 1922-ல் அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லி ஆராய்ச்சி சாலையில் அவர் தலைமையில் வேலை செய்த கூட்டத்தார் 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். 1948-ல், சுதந்திரம் வந்த மறு வருஷம், அவர் அந்நிய மண்ணிலேயே காலமானார். அவர் கைபட்டு வந்த சத்து இன்று அமெரிக்கக் குழந்தைகளைக் காக்கிறது. அவர் பிறந்த மண்ணின் குழந்தைகளுக்கு அது போதிய அளவு எட்டவில்லை.

போலிக் அமிலக் குறைவுக்கும் பிறவிக் குறைகளுக்கும் சம்பந்தமிருக்கலாமென்று 1965-ல் லிவர்பூல் டாக்டர்களான ஹிப்பார்டும் ஸ்மிதெல்ஸும் எழுதினார்கள். ஸ்மிதெல்ஸ் 1980-ல் வெளியிட்ட பரிசோதனை நல்ல பலனைக் காட்டிற்று. ஆயினும், மருந்து பெற்றவர்களும் பெறாதவர்களும் சீட்டுப் போட்டதுபோல் பாரபட்சமின்றிப் பிரிக்கப்படவில்லை என்று ஆக்ஷேபம் எழுந்தது. அந்த ஆக்ஷேபத்தைத் தீர்க்க பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு தேசங்களில் 33 இடங்களில் ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. ஏற்கெனவே இக்குறையுள்ள ஒரு குழந்தையைப் பெற்ற 1,817 ஸ்திரீகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். குழந்தையின் நிலை தெரியவந்த 1,195 கர்ப்பங்களில் 27-ல் குறை காணப்பட்டது. போலிக் அமிலம் பெற்றவர்களிடையே அது 6, பெறாதவர்களிடையே 21. நூற்றுக்கு 72 பங்கு தடுக்கப்பட்டது. இவ்வளவு தெளிவான முடிவு கிடைத்த பிறகு மற்றவர்களுக்கு அதை மறுப்பது தர்மமல்லவென்று 1991-ல் பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மறு வருஷமே ஹங்கேரியிலிருந்தும், 1999-ல் சீனாவிலிருந்தும் வந்த முடிவுகள், முன்பு இக்குறை நேராத குடும்பங்களிலும் இதே பலன் உண்டென்று காட்டின.

நிரூபணம் கிடைத்தபின் தேசங்கள் என்ன செய்தன? 1998 முதல் அமெரிக்கா, சத்தூட்டிய தானிய மாவு வகைகளில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் போலிக் அமிலம் கலக்க வேண்டுமென்று கட்டாயமாக்கியது. அதனால் வருஷத்துக்கு சுமார் 1,300 குழந்தைகள் இக்குறையின்றிப் பிறக்கின்றனவென்று அந்நாட்டுச் சுகாதார இலாகா கணக்கிட்டிருக்கிறது. பிரிட்டனோ, தானே 1991-ல் நிரூபித்த உண்மையைத் தன் கோதுமை மாவுக்குச் சட்டமாக்க 2024 வரையில் காத்திருந்தது. அமலுக்கு வரும் காலமாக 2026-ன் இறுதியைக் குறித்தது. கமிட்டிகளும் அறிக்கைகளும் பேசிக்கொண்டிருந்த அந்த 33 வருஷங்களில் ஊனத்தோடு பிறந்த குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது?

நமது தேசத்தைப் பார்ப்போம். 2021-ம் வருஷம் சுதந்திர தினத்தன்று, சர்க்கார் வழங்கும் அரிசியில் சத்துக்கள் கலக்கப்படுமென்று பிரதமர் அறிவித்தார். இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி-12 வைட்டமின் ஆகிய மூன்றும் சேர்ந்த அரிசி அது. ஆனால் அதன் கணக்கைக் கவனிக்க வேண்டும். 2018-ல் விதிக்கப்பட்ட அளவு, ஒரு கிலோ அரிசிக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் போலிக் அமிலம். அமெரிக்க மாவில் ஒரு கிலோவுக்கு 1,400. அதாவது பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்ணும் ஸ்திரீக்கு நமது அளவின்படி கிடைப்பது சுமார் 30 மைக்ரோகிராமே. 400 மைக்ரோகிராம் வேண்டுமானால் அவள் தினம் நாலு கிலோ அரிசி உண்டாக வேண்டும்! ரத்தசோகையை மனத்தில் வைத்து வகுத்த அளவு, ஸ்பைனா பைபிடாவைத் தடுக்குமென்று எண்ணியிருப்பது தவறு.

ஆக்ஷேபங்கள் இல்லாமலில்லை. தலசீமியா போன்ற ரத்த வியாதியுள்ளவர்களுக்கு இரும்பு கெடுதியென்பர் சிலர். அது கவனிக்க வேண்டிய வாதமே. ஆனால் இரும்பைப் பற்றிய வாதம் போலிக் அமிலத்துக்குப் பொருந்தாது. பி-12 குறைவுள்ளவர்களிடம் போலிக் அமிலம் சோகையை மட்டும் மறைத்து, நரம்புச் சேதத்தை அறியவொட்டாமல் செய்துவிடக்கூடும் என்பது மற்றொன்று. மாமிசம் உண்ணாதவர் மிகுந்த நமது நாட்டில் இதை அலட்சியம் செய்யலாகாது. பி-12-ஐயும் சேர்த்துக் கொடுப்பதே அதற்குப் பரிகாரம். கீரையும் பயறும் போதாவா என்பது மூன்றாவது கேள்வி. அவை நல்லவையே, ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். ஆனால் கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரையும் வடித்துக் கொட்டினால் இந்தச் சத்தில் பெரும்பகுதி நீரோடு போகிறது. ஏழை வீட்டில் கடைசியில் உண்பவள் ஸ்திரீ. கீரை மிஞ்சுவதும் அரிது.

இதற்கு உப்பு ஒரு வழியாகலாமென்று தோன்றுகிறது. மாடமாளிகையிலும் குடிசையிலும் உப்பில்லாத வீடில்லை. முன்கழுத்துக் கழலையை ஒழிக்க 1962-ல் தேசியத் திட்டம் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்த்தோம். அயோடின் கலவாத உப்பை உணவுக்கு விற்பதை 2006-ல் சட்டம் தடுத்தது. அயோடினோடு போலிக் அமிலமும் சேர்த்த உப்பைத் தென்னிந்தியாவில் நான்கு கிராமங்களில் ஸ்திரீகளுக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையொன்றின் முடிவு 2024-ல் வெளியாயிற்று. அவர்கள் ரத்தத்தில் இந்தச் சத்து வெகுவாக உயர்ந்திருந்தது. பரிசோதனை சிறிது, பெரிய அளவில் நடத்திப் பார்க்க வேண்டியது சர்க்காரின் பொறுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போலிக் அமிலம் எல்லாக் குறைகளையும் தடுப்பதில்லை. பரம்பரையும், நீரிழிவும், காக்காய் வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் என்ற மருந்தும் காரணமாகலாம். ஆகையால் இப்படிப் பிறந்த குழந்தையின் தாயைப் பழிப்பது அறியாமை மட்டுமல்ல, பாபமும் ஆகும். பிறந்துவிட்ட குழந்தைகளைக் கைவிடுவதும் அவ்வாறே. ஸ்பைனா பைபிடாவோடு பிறந்த தன் மகனின் தலையில் கோத்த நீரை வடிக்க, பிலடெல்பியாவில் ஜான் ஹால்ட்டர் என்ற இயந்திரத் தொழிலாளி ஒரு வால்வு செய்தார்; 1956 முதல் அது உலகெங்கும் எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்தது. தாய் வயிற்றில் இருக்கும்போதே சிசுவின் முதுகை மூடினால் அந்த வால்வு தேவைப்படுவோர் தொகை பாதியாகக் குறைகிறதென்று 2011-ல் ஓர் அமெரிக்கப் பரிசோதனை காட்டியது. தக்க வைத்தியமும் பள்ளியும் கிடைத்தால் இக்குழந்தைகள் படித்து, உழைத்து, மற்றெல்லாப் பிரஜைகளையும் போல் வாழ முடியும்.

ஆகவே நாம் கோருவது மூன்று. அரிசிக்கும் மாவுக்கும் உரிய போலிக் அமில அளவை, பிறவிக் குறையைத் தடுக்கக் கூடிய அளவுக்கு, பி-12 சகிதமாக, நிபுணர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். உப்பின் வழியைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க வேண்டும். மணமாகும் ஒவ்வொரு பெண்ணுக்கும், கர்ப்பம் தரிக்கும் வரையில் காத்திராமல், கிராம சுகாதார ஊழியர் மூலம் மாத்திரை போய்ச் சேர வேண்டும். பொதுக் காரியத்தில் ஈடுபட்ட நமது இளைஞர்கள் சாலைக்கும் விளக்குக்கும் மனுக் கொடுப்பதுபோல் இதற்கும் மனுக் கொடுக்கட்டும். சட்டசபை அங்கத்தினர்களைக் கேள்வி கேட்கட்டும். வீட்டில் மணமான சகோதரியும் மகளும் இருப்பவர்கள் இதை இன்றே அவர்களுக்கு எடுத்துச் சொல்லட்டும். 28 நாட்கள் எந்தக் கமிட்டிக்காகவும் காத்திருப்பதில்லை.