தூர்வாரும் நாட்களில் தண்ணீரையும் அளக்க வேண்டும்

எந்த ஏரியைத் தூர்வாரினாலும் கணக்கு கனமீட்டரில்தான் எழுதப்படுகிறது. எத்தனை கனமீட்டர் சகதி எடுத்தார்கள், எத்தனை லாரி போனது, பில் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். வேலை நடக்கும் நாட்களில் அங்கிருந்து கீழே இறங்கும் தண்ணீர் என்ன கதியில் இருக்கிறது என்பதற்கு அதில் இடமில்லை. பெங்களூருவில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். என் அக்கா வீட்டு நிலம் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையின் வாய்க்காலை நம்பியிருக்கிறது. அதனால் இது எனக்கு வெறும் தொழில் விஷயம் இல்லை.

பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரி சுமார் 900 ஏக்கர். 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் அது தீப்பிடித்து எரிந்ததை நாடே பார்த்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில், சீரமைப்புக்காக 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் போடும்படி கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது. பிறகு பெங்களூரு வளர்ச்சி ஆணையம் கழிவுநீரை ஏரியோரக் கால்வாய்களில் திருப்பிவிட்டு, ஏரியைக் காயவைத்துத் தூர்வாரத் தொடங்கியது. அது சரியான முடிவு. தண்ணீருக்குள்ளேயே இயந்திரத்தை இறக்கிக் கலக்குவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தச் சகதி சாதாரண வண்டல் இல்லை. அந்த ஏரியில் நுரை ஏன் பொங்குகிறது என்று இந்திய அறிவியல் கழகத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். கழிவுநீர் ஏரியைக் கடக்க 10 முதல் 15 நாள் ஆகிறது. அதற்குள் சலவைத் தூளில் உள்ள நுரைப்பொருள் அழியாமல் அடிச்சகதியில் ஒட்டிக்கொள்கிறது. வந்த அளவைப் போல 200 மடங்கு வரைகூடச் செறிந்துவிடுகிறது. கனமழை அதைக் கிளறும்போது மறுபடி தண்ணீரில் கலந்து நுரைக்கிறது. மழை கிளறினால் வெளிவருவது பொக்லைன் கிளறினாலும் வெளிவரும். பாதி வெட்டிய ஏரிக்குள் மழைவெள்ளம் புகுந்துவிட்டால் நுரையோடு அம்மோனியாவும் பாஸ்பரஸும் சேர்ந்து கிளம்பும், தண்ணீரில் ஆக்சிஜன் விழும். ஆக்சிஜன் விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2016 மார்ச்சில் பெங்களூருவின் அல்சூர் ஏரியில் செத்து மிதந்த ஆயிரக்கணக்கான மீன்கள் காட்டின.

இன்னொன்றும் இருக்கிறது. ஏரியில் தங்கி ஓரளவாவது தெளிந்து போன கழிவுநீர், கால்வாயில் திருப்பியதும் அந்தத் தங்கலும் இல்லாமல் ஓடுகிறது. பெல்லந்தூருக்குக் கீழே வர்த்தூர் ஏரி, அதற்கும் கீழே தென்பெண்ணை ஆறு, அப்புறம் கெலவரப்பள்ளி. நுரை மதகில் மலைபோல் எழும்பும்போதுதான் ஓசூர்க்காரர்களுக்கு விஷயம் தெரிகிறது. அத்தான் அன்றைக்கு வயலுக்குத் தண்ணீர் கட்டலாமா கூடாதா என்று எனக்குப் போன் செய்வார். மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நான் என்ன பதில் சொல்ல முடியும்?

கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏரிகளில் மாதாமாதம் மாதிரி எடுக்கிறது. பெங்களூரு ஏரிகள் பெரும்பாலும் டி, ஈ என்ற கீழ்த் தரங்களிலேயே வருகின்றன. வழக்கமான கண்காணிப்புக்கு அது போதலாம். தூர்வாரும் காலத்துக்குப் போதாது. ஒரு ராத்திரி மழையில் ஆறு மணி நேரம் ஓடிப்போகும் கறுப்புத் தண்ணீர் மாத மாதிரியில் எப்படி அகப்படும்? ஆஸ்திரேலியாவில் துறைமுகக் கால்வாயைத் தூர்வாரும்போது மிதவைகளில் கருவி கட்டி நீரின் கலங்கலை இடைவிடாமல் அளக்கிறார்கள். வரம்பு மீறினால் தூர்வாரும் கப்பல் இடம் மாற வேண்டும், இல்லை வேலையை நிறுத்த வேண்டும். கடலுக்கே இந்தக் கவனிப்பு இருக்கும்போது, பயிருக்குப் பாயும் ஆற்றுக்கு ஏன் இருக்கக்கூடாது?

டெண்டரிலேயே இதை எழுதிவிடலாம். ஏரிநீரும் திருப்புக் கால்வாயும் வெளியேறும் இடத்தில் ஆக்சிஜன், அம்மோனியா, கலங்கல் மூன்றையும் மணிக்கு மணி அளக்கும் கருவி வேண்டும். அதை ஒப்பந்ததாரர் கையில் விடக்கூடாது, வாரியமே பார்க்க வேண்டும். வரம்பு தாண்டிய நாளில் பொக்லைன் நிற்க வேண்டும். மீறி எடுத்த சகதிக்குப் பில் கிடையாது. பருவமழைக்கு முன்பு, வெட்டிய பகுதியைச் சுற்றி மண்கரை போட்டாக வேண்டும். அந்த எண்கள் பெங்களூரு அலுவலகங்களோடு நின்றுவிடாமல், தண்ணீர் போய்ச் சேருவதற்கு முன்பே கெலவரப்பள்ளி அணையின் பொறியாளருக்கும் ஓசூர் விவசாயிகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.